வல்லாரை நல்ல மூலிகைதான், ஆனா இந்த வருசம் நம்ம பந்தல்ல அதை அரைக்க வேண்டாம்



தைப்பூசத்துக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கு. தண்ணீர்ப் பந்தல் வேலைக்குப் பேர் கொடுத்தவங்க லிஸ்ட்டை தனியா போடுறேன். இன்னிக்கு எழுதறது வேற விசயம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. படிச்சிட்டு சம்மதம் இல்லன்னா கீழ எழுதுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

நம்ம கோயில் வாட்சாப் குழுவில ஒரு பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. பந்தல்ல கால் கொப்பளத்தோட வர்ற பக்தர்களுக்கு முன்ன மாதிரி வல்லாரை அரைச்சுப் போடணும்னு சிலர் கேட்டாங்க. இன்னொரு தங்கச்சி வல்லாரைச் சாறு போட்ட முகக் கிரீம் ஒண்ணு விக்கிறாங்க, அதையும் பந்தல்ல வச்சா கோயில் நிதிக்குப் பத்து சதவீதம் தர்றேன்னு சொன்னாங்க. கூட்டத்தில ரெண்டுக்கும் வேண்டாம்னு சொன்ன ஆள் நான்தான்.

உடனே ஒரு தம்பி கேட்டாரு: "அண்ணே, முன்ன பந்தல்ல வல்லாரை அரைச்சுப் போட்டதே நீங்கதானே?"

ஆமா, நான்தான். அதனாலதான் எழுதறேன்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். எனக்கு வல்லாரை மேல பகை எதுவும் இல்ல. நான் தோட்டத்து லயத்தில பொறந்து வளர்ந்தவன். அம்மா வாய்க்கா ஓரத்தில போய் ஒரு மடி நிறைய பறிச்சுக்கிட்டு வருவாங்க. தேங்கா, காஞ்ச மிளகா, புளி வச்சு துவையல் அரைப்பாங்க. ஞாபக சக்திக்கு நல்லதுன்னு பரீட்சை மாசம் பூரா அதுதான். அவ்வளவு தின்னும் எஸ்.பி.எம்.ல எனக்கு கணக்கு ஏறல, அது என் தலையெழுத்து. மலாய்க்காரங்க இதையே பெகாகான்னு சொல்லி சம்பால் பெலாச்சானோட உலாமா சாப்பிடுறாங்க. பசார்ல ரெண்டு வெள்ளிக்கு ஒரு கட்டு கிடைக்கும். வீட்டில இன்னும் வாங்கிக்கிட்டுத்தான் இருக்கோம்.

எங்க ஃபேக்டரியில சில செக்சன்ல பொண்ணுங்க நாள் பூரா ஆல்கஹால் போட்டு பாகங்களைத் துடைப்பாங்க. கையுறை போட்டாலும் விரல் இடுக்கெல்லாம் காஞ்சு வெடிச்சுப் போகும். போன வருசம் என் லைன்ல ஒரு பொண்ணு ஒரு சின்ன டியூப்பை காட்டி, "அங்கிள், இந்த கொரியா கிரீம் போட்டா எரிச்சல் குறையுது, 58 வெள்ளி"ன்னு சொல்லுச்சு. பின்னால எழுதியிருந்ததைப் படிச்சேன். சென்டெல்லா ஏசியாட்டிகா. வீட்டுக்கு வந்து மகள்கிட்ட கேட்டா, "அப்பா, அது நம்ம வல்லாரை"ன்னு சிரிக்குது. இப்ப பிள்ளைங்க சீக்கா, சீக்கான்னு தேடி வாங்குற கிரீம் எல்லாம் இதுதான். வாய்க்கா ஓரத்துக் கீரை டியூப்புக்குள்ள போய் 58 வெள்ளி ஆயிடுச்சு.

அன்னிலேர்ந்து நானும் கொஞ்சம் படிக்க ஆரம்பிச்சேன். தோல் டாக்டர் ஒருத்தர்கிட்டயும், ஃபார்மசியில வேலை செய்யுற நம்ம கோயில் பக்தர் ஒருத்தர்கிட்டயும் கேட்டேன். கேட்டதில எனக்கு நல்லா விளங்கினதை மட்டும் எழுதறேன்.

வல்லாரையில மருந்து குணம் இருக்கறது வெறும் பாட்டி கதை இல்ல. அதில நாலு முக்கியமான சத்து இருக்கு. ஏசியாட்டிகோசைடு, மடகாசோசைடு, ஏசியாட்டிக் அமிலம், மடகாசிக் அமிலம். பேர்லயே மடகாஸ்கர் இருக்கு பாருங்க. அந்தத் தீவு வல்லாரையிலேர்ந்து 1941ல ஏசியாட்டிகோசைடைத் தனியா பிரிச்செடுத்தாங்க. அதுக்கு முன்னாலயே அந்தப் பக்கத்துத் தீவுகள்ல தொழுநோய்ப் புண்ணுக்கு இந்தச் செடியைப் பயன்படுத்தியிருக்காங்க. இந்தியாவில சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில ரொம்ப காலமா இருக்கு.

தோலுக்கு அடியில கொலாஜன்னு ஒரு நார் இருக்கு. காயம் ஆறும்போது உடம்பு புதுசா அந்த நாரை நெய்யணும். வல்லாரைச் சத்து அந்த நாரை உண்டாக்குற செல்லைத் தூண்டி விடுது. சிவந்து போறது, எரிச்சல் கொஞ்சம் தணியும். காஞ்ச தோல்ல ஈரம் நிக்க உதவும். உலக சுகாதார நிறுவனம் மூலிகைகளைப் பத்தி 1999ல போட்ட புத்தகத்தில வல்லாரைக்கும் இடம் இருக்கு. காயம், தீப்புண், தழும்பு தடிக்காம இருக்கறதுக்கு இதைப் பயன்படுத்துறதைப் பத்தி அதில எழுதியிருக்கு. நம்ம மாதிரி கறுத்த தோல்காரங்களுக்கு காது குத்தின இடம், அம்மை தழும்பு எல்லாம் தடிச்சு மேடா வளர்ற பழக்கம் கூடுதல். அதனால நமக்கு இது உண்மையிலேயே உதவக்கூடிய செடி.

அதே புத்தகத்தில இன்னொன்னும் எழுதியிருக்கு. இதைத் தோல்ல போட்டு சிலருக்கு அலர்ஜி வந்திருக்குன்னு. கிரீம் விக்கிறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

சரி, இவ்வளவு நல்லதுன்னா பந்தல்ல அரைச்சுப் போட்டா என்னன்னு கேப்பீங்க. இங்க நான் 27 வருசமா செய்யுற வேலையை வச்சு சொல்றேன்.

எங்க ஃபேக்டரியில பிளாஸ்டிக் மணியை உருக்கி பாகம் வார்க்கிறோம். ஒரே மெஷின், ஒரே அச்சு, ஒரே கம்பெனி மணி. ஆனா மணியில கொஞ்சம் ஈரம் ஏறினா போதும், பாகத்தில வெள்ளைக் கோடு விழும், லாட் முழுக்க ரிஜெக்ட். அதனால ஒவ்வொரு மூட்டையும் காய வைக்கணும், அளக்கணும், லாட் நம்பர் எழுதணும், கியூ.சி. கையெழுத்துப் போடணும். ஒரு பிளாஸ்டிக் மூடிக்கே இவ்வளவு.

காயத்துக்குன்னு மருந்துக் கம்பெனி செய்யுற வல்லாரைச் சாறும் அப்படித்தான். அதில நல்லா ஆராய்ச்சி செஞ்ச ஒரு வகை இருக்கு. அதில 40 சதவீதம் ஏசியாட்டிகோசைடு, மீதி 60 சதவீதம் அந்த ரெண்டு அமிலமும் பாதிக்குப் பாதின்னு அளந்து செய்றாங்க. டாக்டர்மார் நடத்தின சோதனைங்கள்ல நிறைய அந்த மாதிரி அளந்து எடுத்த சாறை வச்சு செஞ்சதுதான். வாய்க்கா ஓரம் பறிச்ச இலையை வச்சு செஞ்சது இல்ல. இலையில சத்து எவ்வளவு இருக்குன்னு யாருக்கும் தெரியாது. மண்ணைப் பொறுத்து மாறும், வெயிலைப் பொறுத்து மாறும், பறிச்ச நாளைப் பொறுத்து மாறும்.

அதோட வல்லாரை ஈர மண்ணில படர்ற செடி. மண்ணில ஈயம் மாதிரி உலோகம் இருந்தா அதையும் உறிஞ்சி இலையில வச்சுக்கும். ரோட்டோர வாய்க்கா, ஃபேக்டரி பின்பக்கம், புல்லுக்கு விசம் அடிக்கிற செம்பனைத் தோட்டம், இங்கெல்லாம் பறிச்சது சாப்பிடவே ஆகாது, புண்ணில வைக்கலாமா?

இன்னொன்னும் பாருங்க. பூந்தொட்டியில வளர்க்கிற வட்ட இலைச் செடி ஒண்ணு இருக்கு. காசு மாதிரி இலை, தண்டு இலையோட நடுவில குடை மாதிரி ஒட்டியிருக்கும். அதை வல்லாரைன்னு நினைச்சு அரைக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன். வல்லாரை இலை ஒரு பக்கம் பிளந்து இருக்கும், தண்டு அந்தப் பிளவில சேரும். குதிரைக் குளம்பு மாதிரின்னு அம்மா சொல்லுவாங்க.

இப்ப நான் சொல்ல வந்த விசயத்துக்கு வர்றேன்.

சில வருசத்துக்கு முன்னால ஒரு தைப்பூசம். தண்ணீர்மலைக்குப் போற பாதையில நம்ம பந்தல். பினாங்கு தைமாச வெயில் உங்களுக்குத் தெரியும், தார் ரோடு மத்தியானம் அடுப்பு மாதிரி கொதிக்கும். பால்குடம் எடுத்துக்கிட்டு வந்த ஒரு பெரியவர் பந்தல்ல உக்காந்தாரு. உள்ளங்கால்ல பெருவிரலுக்குக் கீழ பெரிய கொப்பளம், அது உடைஞ்சு தோல் தொங்குது.

நான் அவர் காலைப் பிடிச்சு, "ஐயா, வலிக்குதா?"ன்னு கேட்டேன். "வலியே இல்ல தம்பி, முருகன் பாத்துக்கிறாரு"ன்னு சிரிச்சாரு. எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சு. இவ்வளவு பெரிய புண், வலியே இல்லன்னா அது பக்தியோட சக்திதான்னு நினைச்சேன். பக்கத்தில நின்ன பிள்ளைங்ககிட்டயும், "பாருங்கடா, இதுதான் பக்தி"ன்னு சொன்னேன்.

பந்தல் பின்னால குழாயடியில வளர்ந்திருந்த வல்லாரையைப் பறிச்சேன். ஒரு தடவை அலசினேன். மஞ்சளோட சேர்த்து அரைச்சு புண்மேல அப்பி, வேட்டித் துணியைக் கிழிச்சுக் கட்டிவிட்டேன். "நாலு நாள்ல ஆறிடும் ஐயா, வீட்லயும் இதையே போடுங்க"ன்னு சொல்லி ஒரு பிளாஸ்டிக் பையில மீதி விழுதையும் கொடுத்து அனுப்பினேன். அன்னிக்கு ராத்திரி நல்ல காரியம் பண்ணின சந்தோசத்தில தூங்கினேன்.

மூணு வாரம் கழிச்சு அவர் மகள் கோயிலுக்கு வந்தாங்க. அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு, ரெண்டு விரலை எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க.

அவருக்கு இனிப்பு நீர் 15 வருசமா இருந்திருக்கு. கால்ல உணர்ச்சி நரம்பு எப்பவோ செத்துப் போயிருக்கு. வலி இல்லாததுக்குக் காரணம் அதுதான். நான் பக்தின்னு நினைச்சது வியாதியோட அறிகுறி.

வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். இலையாலதான் இப்படி ஆச்சுன்னு டாக்டர் சொல்லல. இனிப்பு நீர் உள்ளவங்களுக்கு ஒரு சின்னப் புண் போதும், இவர் ரொம்ப தாமதமா வந்துட்டாருன்னு மட்டும் சொன்னாரு. ஏன் தாமதம்? பந்தல்ல மருந்து போட்டாங்க, கோயில் மருந்து, அது ஆத்திடும்னு ஒன்பது நாள் வீட்லயே இருந்திருக்காரு. தினமும் நான் கொடுத்த விழுதைப் போட்டுக் கட்டியிருக்காரு. கடைசியில நாத்தம் வந்த பிறகுதான் மகள் துணியை அவிழ்த்துப் பார்த்திருக்காங்க. அவருக்கு அந்த ஒன்பது நாளைக் கெடுத்தவன் நான்.

அந்தப் பெரியவர் என்னைத் திட்டவே இல்ல. "நல்ல மனசோடதானே செஞ்ச தம்பி"ன்னு என் கையைப் பிடிச்சாரு. இந்த வார்த்தை இன்னிக்கும் என்னைத் தூங்க விடாது. நல்ல மனசு இருந்துச்சு, விவரம் இல்ல. அவர் மகள்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். பேர் மட்டும் வேண்டாம், விசயத்தைச் சொல்லுங்க, இன்னொருத்தருக்கு ஆகக்கூடாதுன்னாங்க.

இது ஒருத்தர் கதைன்னு நினைக்காதீங்க. 2019 தேசிய சுகாதார ஆய்வில நம்ம நாட்டுப் பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர்னு கண்டுபிடிச்சாங்க. இனவாரியா பார்த்தா இந்தியர்கள்தான் முதல் இடம். அதிலயும் நிறைய பேருக்கு தனக்கு இருக்கறதே தெரியாது. நம்ம பந்தல்ல வந்து உக்கார்ற அஞ்சு பெரியவங்கள்ல ஒருத்தருக்காவது இருக்கும்னு நினைச்சுத்தான் நாம வேலை செய்யணும்.

அடுத்தது கிரீம் விசயம். விக்கிற தங்கச்சி மேல எனக்குத் தனிப்பட்ட கோவம் எதுவும் இல்ல. பிழைப்புக்காக செய்றாங்க. ஆனா கோயில் பந்தல்ல ஒரு பொருளை வச்சா மக்கள் அதைப் பிரசாதம் மாதிரி நம்பி வாங்குவாங்க. அந்த நம்பிக்கையை நாம பத்து சதவீதத்துக்கு விக்கக்கூடாது. அவங்க காட்டின டப்பாவில சேர்மான லிஸ்ட் இல்ல, நம்பர் இல்ல, "ஏழு நாளில் முகம் வெளுக்கும்"னு மட்டும் எழுதியிருந்துச்சு.

வல்லாரை முகத்தை வெளுக்க வைக்காது. அது ஆத்துற செடி. ஏழு நாள்ல ஒரு கிரீம் வெளுக்க வச்சா, உள்ள வேற ஏதோ இருக்குன்னு சந்தேகப்படுங்க. நம்ம சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவு அடிக்கடி தடை செய்ற கிரீம் லிஸ்ட் போடுறாங்க. திரும்பத் திரும்ப வர்றது பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின். பாதரசம் தோல் வழியா உள்ள போய் கிட்னியைக் கெடுக்கும். அம்மா முகத்தில பூசினா, அம்மாவைக் கொஞ்சுற குழந்தைக்கும் போகும். அம்மனைக் கறுப்பா கும்பிடுறோம், கண்ணனைக் கறுப்பா கும்பிடுறோம், நம்ம பொண்ணு மட்டும் ஏன் வெளுக்கணும்?

நல்ல வல்லாரைக் கிரீம் வாங்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்:

பொருளுக்கு "நோட்"னு மூணு ஆங்கில எழுத்தில ஆரம்பிக்கிற நம்பர் இருக்கணும். அதை மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவு இணையத்தில போட்டுப் பாருங்க. நம்பர் இருந்தா அந்தப் பொருளைப் பதிஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். ரொம்ப நல்லா வேலை செய்யும்னு அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்ததா அர்த்தம் இல்ல.

சேர்மான லிஸ்ட்ல அதிகமா இருக்கறதை முதல்ல எழுதணும்னு விதி. சென்டெல்லா லிஸ்ட்டோட கடைசியில, வாசனைக்கும் பிறகு இருந்தா, பேருக்கு ஒரு சொட்டு விட்டிருக்காங்கன்னு நினைச்சுக்கலாம்.

முகத்தில போடறதுக்கு முன்ன முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ரெண்டு மூணு நாள் பாருங்க. அரிச்சாலோ சிவந்தாலோ விட்டுடுங்க.

முக்கியமா, இந்தக் கிரீம் எல்லாம் மூடிய தோலுக்குத்தான். திறந்த புண்ணுக்கு இல்ல. காயத்துக்குப் போடற வல்லாரை மருந்து வேற, அதை ஃபார்மசியில கேட்டு வாங்கணும்.

வல்லாரையைச் சாப்பிடறவங்க நல்லா சாப்பிடுங்க. சுத்தமான இடத்தில வளர்ந்ததா பாத்து, நல்லா கழுவி, துவையலோ உலாமோ செய்யுங்க. கர்ப்பமா இருக்கறவங்க, ஈரல் கோளாறு உள்ளவங்க, மாத்திரையா வாங்கித் தின்ன நினைக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

இந்த வருசம் பந்தலுக்கு நான் குழுவில வச்ச யோசனை இதுதான்:

கொப்பளத்தை யாரும் உடைக்கக்கூடாது. சுத்தமான தண்ணியில கழுவி, ஈரம் ஒத்தி எடுத்து, கிளினிக்ல வாங்கின சுத்தமான கட்டுத் துணி போட்டு மூடணும். இலை, மஞ்சள், பற்பசை, திருநீறு எதுவும் புண்ணுக்குள்ள வேண்டாம். திருநீறை நெத்தியில வைப்போம், அங்கதான் அதுக்கு இடம்.

கால்ல காயத்தோட வர்ற எல்லார்கிட்டயும் முதல் கேள்வி, "ஐயா, அம்மா, உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கா?" இருக்குன்னா அன்னிக்கே கிளினிக். வலி இல்லன்னு சொன்னா இன்னும் அவசரம். கூட்டிப் போக ரெண்டு காடி தயாரா நிக்கும். என் காடி ஒண்ணு.

இனிப்பு நீர் உள்ள பக்தர்கள்கிட்ட என் சொந்தக் கருத்து ஒண்ணு. வெறுங்காலோட தார் ரோட்டில நடக்காதீங்க. கோயில் வாசல் வரைக்கும் பாதுகாப்பான செருப்பு போட்டு வாங்க, இல்லன்னா காடியில வந்து கடைசி கொஞ்ச தூரம் நிழல்ல நடங்க. சிலருக்கு இது கசக்கும். நேர்த்திக்கடன்னு சொல்லுவீங்க. பெரியவங்ககிட்ட விவாதம் பண்ற அளவுக்கு நான் படிச்சவன் இல்ல. ஆனா பால்குடம் எடுத்த ஒரு காலை வார்டில கட்டுப் போட்டுப் பார்த்தவன். முருகன் நம்மகிட்ட கேட்டது பாலும் மனசும். விரலை அவர் கேக்கல.

பழசை விட்டுட்டான், வெள்ளைக்கார வைத்தியத்துக்குப் போயிட்டான்னு ஒரு பேச்சு வரும்னு தெரியும். வல்லாரைக்குள்ள என்ன இருக்குன்னு அளந்து பார்த்த பிறகு எனக்கு அம்மா மேல மரியாதை கூடித்தான் போச்சு. அம்மா அதைத் துவையலா அரைச்சாங்க. என் கால்ல துருப்பிடிச்ச ஆணி குத்தினப்ப மட்டும் வல்லாரை பறிக்கப் போகல, தூக்கிக்கிட்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. எது சாப்பாடு, எது மருந்து, எப்ப டாக்டர்னு எழுதப் படிக்கத் தெரியாத அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. எஸ்.பி.எம். முடிச்ச எனக்குத் தெரியல.

அந்தப் பெரியவர் மறு வருசமும் தைப்பூசத்துக்கு வந்தாரு. மகள் காடியில கூட்டிக்கிட்டு வந்தாங்க. கால்ல ஆஸ்பத்திரியில கொடுத்த தடிச்ச செருப்பு. நம்ம பந்தல்ல உக்காந்து மோர் குடிச்சாரு, சீனி போடாத மோர். போகும்போது, "தம்பி, இப்பவும் வல்லாரை அரைக்கிறியா?"ன்னு கேட்டாரு. "துவையலுக்கு மட்டும்தான் ஐயா"ன்னு சொன்னேன். சிரிச்சாரு.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பந்தல் கூட்டம். நர்சா வேலை செய்றவங்க, செஞ்சு ஓய்வு பெற்றவங்க யாராவது நம்ம பக்தர்கள்ல இருந்தா தயவு செஞ்சு வாங்க, பிள்ளைங்களுக்குக் கட்டுப் போடச் சொல்லிக் கொடுக்க ஆள் வேணும். வீட்டில இனிப்பு நீர் உள்ள அப்பா அம்மா இருந்தா இன்னிக்கு ராத்திரியே அவங்க உள்ளங்காலைப் பிடிச்சு, லைட் அடிச்சு, விரல் இடுக்கு வரைக்கும் பாருங்க. ரெண்டு நிமிசம்தான் ஆகும்.

முருகா சரணம்.